மேசைவிரிப்புக்கு மிரளும் மாடுகள்

அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான மார்க் டீக் 1995-இல் வெளியிட்ட படக்கதை ஒன்று உண்டு. கோடை விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்று பள்ளியில் கேட்டதும் வாலஸ் என்ற பையன் எழுந்து தன் கதையை அவிழ்த்துவிடுகிறான். மேற்கே இருக்கும் பெர்ன் அத்தை வீட்டுக்கு அவனை அனுப்பிவைக்கிறார்கள். வழியில் கௌபாய்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாளடைவில் அவனும் ஒரு கௌபாய் ஆகிவிடுகிறான். கடைசியில் கௌபாய் கூட்டம் முழுவதும் அத்தை வீட்டு விருந்துக்கு வந்திறங்க, அந்த நேரம் பார்த்து மிரண்ட மாட்டு மந்தை ஒன்று விருந்தை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பையன் ஒரு மேசைவிரிப்பை உருவுகிறான். காளைச் சண்டை வீரனாக அதை வீசி ஆட்டி மந்தையைத் துரத்திவிடுகிறான்.

படம் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளில் ஒன்றாவது கேட்கும்: ஒரு துணிக்கு இத்தனை மாடுகள் பயப்படுமா? கதையில் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் மாட்டின் கண், தோல், வயிறு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கும். உண்மையிலேயே விடுமுறைக்கு அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போன ஒரு சிறுமியையும் வழியில் சந்திக்கலாம். அவள் அங்கே கண்டது அவளைக் கால்நடை அறிவியலுக்குள் இழுத்துவந்தது.

முதலில் துணியின் நிறத்தைப் பார்த்துவிடுவோம். சிவப்பைக் கண்டால் மாடு வெறிகொள்ளும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போகாதே என்று பிள்ளைகளைத் தடுக்கும் பாட்டிகள் இன்றும் உண்டு. ஆனால் மனிதக் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் மூன்று வகை, மாட்டின் கண்ணில் இரண்டே வகை. ஒன்று நீலப் பக்கத்து ஒளிக்கு, மற்றது மஞ்சள்-பச்சைப் பக்கத்து ஒளிக்கு. நீண்ட அலைநீளமுள்ள சிவப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை அதற்கு இல்லை. நம்மை உறுத்தும் சிவப்பு மாட்டுக்கு ஒரு மங்கல் நிறம்தான்.

இதற்கு ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டைக் களமே சாட்சி. சண்டையின் இறுதிக் கட்டத்தில்தான் சிறிய சிவப்புத் துணி வெளியே வருகிறது. அதற்கு முந்தைய கட்டங்களில் வீரர்கள் வீசும் பெரிய மேலங்கி ஒருபுறம் அடர் இளஞ்சிவப்பும் மறுபுறம் பெரும்பாலும் மஞ்சளுமாக இருக்கும். காளை அதன்மீதும் அதே வேகத்தில்தான் பாய்கிறது. மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழுவினர் 2007-இல் வெவ்வேறு நிறக் கொடிகளைக் காளைமுன் வைத்துச் சோதித்தபோதும் நிறம் எந்த வேறுபாட்டையும் செய்யவில்லை. காளையை இழுத்தது அசைவு. ஆகவே வாலஸ் எடுத்த மேசைவிரிப்பு எந்த நிறத்தில் இருந்தாலும் சரி, அதை அவன் ஆட்டினான் என்பதே முக்கியம்.

அசைவுக்கு ஏன் இவ்வளவு கூர்மை? மாடு வேட்டையாடப்படும் விலங்கு. அதன் மூதாதைகள் ஓநாய்க்கும் புலிக்கும் இரையாகாமல் தப்பிப் பிழைத்தவை. புல் மேயும் நேரம் முழுக்கத் தலை தரையருகே இருக்கும். அந்த நேரத்திலும் அடிவானத்தில் அசைவது எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. அதற்காகவே கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. நாம் தலையைத் திருப்பாமல் ஏறத்தாழ 180 டிகிரி பார்க்கிறோம். மாடு 300 டிகிரிக்கும் மேல் பார்க்கிறது. நேர் பின்னால் ஒரு குறுகிய துண்டு மட்டுமே அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து திடீரென்று வருபவரை மாடு உதைப்பதற்கு இதுவே காரணம். யாரென்று பார்க்க முடியாத திசையிலிருந்து வருவது அதன் கணக்கில் ஓநாய்தான்.

மேயும் விலங்குகளின் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆட்டின் கண்ணில் அது துலக்கமாகத் தெரியும். தரையை ஒட்டி இருபுறமும் நீளவாக்கில் பார்ப்பதற்கு வாகான வடிவம் அது. ஆனால் ஆடு தலையைக் குனிந்தால் இந்தக் கோடும் செங்குத்தாகிவிடாதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் தலைமையிலான குழு 2015-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஆடு, செம்மறி, குதிரை ஆகியவை குனியும்போது நேரில் பார்த்தார்கள். தலை கீழே இறங்க இறங்க, விழிகள் குழிக்குள்ளேயே எதிர்ப்புறம் சுழல்கின்றன. 50 டிகிரிவரைகூடச் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கின்றன. அடுத்த முறை வெள்ளாடு தழை தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முகம் தரையை நோக்க, கண்ணின் கறுப்புக் கோடு மட்டும் படுத்தபடியே இருக்கும். இவ்வளவு காலமாக நம் வீட்டுக் கொல்லையில் நடந்துகொண்டிருந்த இந்த அதிசயத்தை அளந்து எழுத 2015 வரை ஆகியிருக்கிறது.

இந்தப் பரந்த பார்வைக்கு மாடு கொடுக்கும் விலையும் உண்டு. ஆழத்தை அளக்க இரு கண்களின் பார்வையும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். மாட்டுக்கு அப்படி விழும் பகுதி முகத்துக்கு நேரே உள்ள சிறிய இடம்தான். தரையில் கிடக்கும் மர நிழல் வெறும் நிழலா, பள்ளமா என்று நடக்கிற நடையில் அதனால் சொல்ல முடிவதில்லை. நின்று, தலையைத் தாழ்த்தி, முகர்ந்து பார்த்த பிறகே காலை வைக்கும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் பின்னாலிருந்து அடித்தால் மிரளும். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

இனி அந்தச் சிறுமியின் கதை. டெம்பிள் கிராண்டின் 1947-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்பதைப் பற்றி மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாத காலம். இந்தக் குழந்தையை ஏதாவது ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. தாய் அதற்கு இணங்கவில்லை. பதின்ம வயது வந்தபோது சிறுமியை ஓயாத பதற்றம் பிடித்துக்கொண்டது. யாராவது அணைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று மனம் ஏங்கும். அணைத்தாலோ உடம்பு தாங்காது, திமிறி விலகிவிடுவாள். அந்த நாட்களில் ஒரு கோடை விடுமுறைக்கு அரிசோனாவில் இருந்த ஆன் அத்தையின் பண்ணைக்குப் போனாள். ஆன், அவளுடைய மாற்றாந்தந்தையின் சகோதரி.

அரிசோனாவின் மாட்டுப் பண்ணையை நம் ஊர்த் தொழுவத்தின் அளவில் கற்பனை செய்யக் கூடாது. வறண்ட நிலம். ஒரு மாட்டுக்குத் தேவையான புல் கிடைக்கவே பல பத்து ஏக்கர் தேவைப்படும். மாடுகள் மாதக்கணக்கில் மனித வாடையே இல்லாமல் மேய்ந்து திரியும். தடுப்பூசி போட வேண்டுமென்றால் ஓட்டி வந்து, வரிசையாக ஒரு குறுகிய வழியில் விட்டு, அதன் முடிவில் இருக்கும் இரும்புக் கூண்டில் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். நம் கால்நடை மருந்தகங்களில் சினை ஊசி போடுவதற்காக மாட்டை நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அண்ணன் முறை இது. மாடு உள்ளே வந்ததும் கழுத்தை ஒரு கதவு பிடித்துக்கொள்ளும். இரு பக்கப் பலகைகளும் உள்நோக்கி நகர்ந்து விலாவை அழுத்தும்.

டெம்பிள் அந்தக் கூண்டின் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பிதுங்க, மூச்சு இரைக்க உள்ளே வந்த மாடுகளில் சில, பலகை வந்து அழுத்தியதும் தளர்ந்து நின்றன. இறுக்கினால் பயம் கூடத்தானே வேண்டும், இது ஏன் குறைகிறது? அவள் கேட்டதோடு நிற்கவில்லை. தன்னையும் அதற்குள் விட்டு அழுத்தும்படி அத்தையிடம் கெஞ்சினாள். அத்தை தயங்கினாலும் செய்தார். பலகைகள் மெல்ல நெருங்கின. முதலில் திகில். பிறகு, நெடுங்காலமாக அவள் அறியாத ஓர் அமைதி. அரைமணி நேரம் உள்ளேயே இருந்தாள்.

படக்கதையாக வரைந்தால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி இது: மாட்டுக் கூண்டுக்குள் ஒரு பெண், கைப்பிடியைப் பிடித்தபடி செய்வதறியாமல் நிற்கும் அத்தை. ஆனால் அங்கே நடந்தது ஓர் உடலியல் பரிசோதனை, அதுவும் மிகச் சரியான முறையில். பார்த்தது, ஐயம் கொண்டது, தன் உடம்பிலேயே சோதித்தது.

இதைப் புரிந்துகொள்ள மாட்டின் தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும். விலாவில் ஓர் ஈ உட்காரட்டும். அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்த்து ஈயை உதறும். தோலுக்கு அடியில் அதற்கென்றே ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. ஓர் ஈயின் எடை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அத்தனை மெல்லிய தொடுகை அந்தப் பெரிய உடம்பை உசுப்புகிறது. அதே விலாவைப் பலகையோ உள்ளங்கையோ அகலமாக, நிதானமாக அழுத்தினால் உடம்பு தளர்கிறது. மெல்லிய தொடுகை நரம்பு மண்டலத்தை எழுப்புகிறது, ஆழ்ந்த சீரான அழுத்தம் அதை அடக்குகிறது. பச்சைக் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைக்கும் தாய்மார்கள் உலகம் முழுவதும் கண்டறிந்த விஷயம்தான். பன்றிக்குட்டியின் இரு பக்கத்தையும் மெத்தைப் பலகையால் அழுத்தினாலும் அது கண் சொக்கிவிடுகிறது. ஒரே நிபந்தனை, அழுத்தம் மெதுவாக வர வேண்டும். வெடுக்கென்று இறுக்கினால் எல்லாம் தலைகீழ்.

ஊர் திரும்பிய டெம்பிள் ஒட்டுப்பலகையைக் கொண்டு தனக்கென்று ஓர் அழுத்தும் பெட்டியைச் செய்துகொண்டாள். உளவியல் வல்லுநர்களுக்கு அது பிடிக்கவில்லை, தூக்கிப் போடச் சொன்னார்கள். பள்ளி அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக் வேறு விதமாகச் சொன்னார்: இது ஏன் அமைதி தருகிறது என்று அறிய வேண்டுமானால் படி, நூலகத்துக்குப் போ, ஆய்விதழ்களைத் தேடு. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் இந்த ஆசிரியர்தான். பிள்ளையின் விசித்திரமான பிடிவாதத்தைக் கண்டு முகம் சுளிக்காமல் அதையே பாடத்துக்குள் நுழையும் வாசலாக்கினார். ஆழ்ந்த அழுத்தம் மனிதர்க்கும் விலங்குக்கும் தரும் அமைதியைப் பற்றி கிராண்டின் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1992-இல் வெளிவந்தது. அதற்குள் அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றிருந்தார்.

அவருடைய பெயரை மாட்டுக்காரர்களிடையே நிலைநிறுத்தியது வேறொரு வேலை. 1970-களில் அரிசோனாவின் பெரிய மாட்டுத் தீவனக் களங்களுக்குள் பெண்கள் போவதை ஆண்கள் விரும்பவில்லை. ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதும் வேலையைப் பிடித்து, அந்த அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே போனார். குறுகிய வழியில் மாடுகள் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆட்கள் கத்துவார்கள், வாலை முறுக்குவார்கள், மின்னதிர்ச்சி தரும் கம்பால் குத்துவார்கள். கிராண்டின் அந்த வழிக்குள்ளேயே இறங்கினார். மாட்டின் கண் மட்டத்துக்குக் குனிந்து, அது பார்க்கும் திசையில் தானும் பார்த்தார். கேமராவில் கறுப்பு-வெள்ளைப் படங்களும் எடுத்தார்.

அங்கே என்ன இருந்தது? வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன மஞ்சள் மேல்சட்டை. காற்றில் ஊசலாடும் ஒரு துண்டுச் சங்கிலி. தேங்கிய நீரில் மின்னும் வெயில். இரும்புத் தகட்டில் சிறு பளபளப்பு. மேலே நின்று கத்தியவர்களில் ஒருவர் கண்ணிலும் இவை படவில்லை. சங்கிலியைக் கட்டிவைத்து, சட்டையை எடுத்துவிட்டால் போதும், அதுவரை அசைய மறுத்த மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோயின. வார்த்தைகளால் யோசிப்பதைவிடப் படங்களாகவே யோசிப்பவர் தாம் என்று கிராண்டின் எழுதியிருக்கிறார். பேச்சு தாமதமாக வந்த அந்தக் குழந்தையின் மனத்துக்கு, பேச்சே இல்லாத விலங்கின் பார்வை எளிதில் வசப்பட்டது.

கத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மாட்டின் காது 35,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். உச்ச ஸ்தாயிக் கூச்சல் நமக்குக் கேட்பதைவிட அதற்கு மிகக் கொடுமை. இரும்பு மோதும் ஓசையைவிட மனிதக் கூச்சலே மாட்டின் இதயத் துடிப்பை அதிகம் ஏற்றுவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. 1860-களின் பிற்பகுதியில் டெக்சாசிலிருந்து கான்சாசுக்கு ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிச் சென்ற கௌபாய்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். இரவுக் காவலில் மந்தையைச் சுற்றி வரும்போது தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே வருவார்கள். இருட்டில் திடீரென்று எழும் ஓசை மந்தையைக் கிளப்பிவிடும், தொடர்ந்து ஒலிக்கும் பழகிய குரல் அதைப் படுக்கவைக்கும்.

அப்படியும் இடி விழுந்து மந்தை கிளம்பிவிட்டால்? வாலஸ் செய்ததற்கு மிக அருகில் வருகிறோம். மாட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் நாம் நுழைந்தால் மாடு விலகும், வெளியே வந்தால் நிற்கும். பழகிய கறவை மாட்டுக்கு வட்டம் கையளவுகூட இருக்காது. மலையில் மேயும் மாட்டுக்கு அது பல பத்து அடி. இன்னொரு கணக்கு, மாட்டின் தோள். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும் அல்லது திரும்பும். இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரு மாட்டை முன்னே நகர்த்த வேண்டுமானால், அதன் முகத்துப் பக்கமிருந்து வால் பக்கமாக, அதாவது அது போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக, அருகே நடந்தால் போதும். நாம் தோளைக் கடக்கும் நொடியில் அது முன்னே அடி வைக்கும். ஒரு சொல், ஒரு தட்டு தேவையில்லை.

மிரண்டு ஓடும் மந்தையைக் கௌபாய்கள் இந்தக் கணக்கில்தான் அடக்கினார்கள். குதிரையை விரட்டி முன்னணி மாட்டின் தோளுக்கு முன்னே போய், மழைக்கோட்டையோ தொப்பியையோ வீசி அதைப் பக்கவாட்டில் திருப்புவார்கள். முன்னது திரும்ப, பின்னவை தொடர, மந்தை வட்டமாகச் சுழலத் தொடங்கிக் களைத்து நிற்கும். ஆக, மேசைவிரிப்பு முழுப் பொய்யில்லை. ஆனால் ஓடிவரும் மந்தைக்கு நேர் எதிரே காலில் நின்று துணி வீசுவது படப்புத்தகத்தில் மட்டும் பிழைக்கும் வித்தை. குழந்தைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வளைந்து செல்லும் மாட்டின் இந்த இயல்பையே கிராண்டின் தம் வடிவமைப்புக்கும் அடிப்படையாக்கினார். மாடுகளைக் கொண்டுசெல்லும் வழியை வளைவாக அமைத்து, இரு பக்கமும் அடைத்தார். வந்த திசைக்கே திரும்பிப் போவதாக நினைத்து அவை அமைதியாக நடக்கும், வெளியே நடமாடும் ஆட்களும் கண்ணில் பட மாட்டார்கள்.

பயந்த விலங்கு என்று இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலியில் தொங்கினால் மந்தையையே நிறுத்தும் அதே சட்டையை மேய்ச்சல் நிலத்தின் நடுவே கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் மாடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து கழுத்தை நீட்டும். காற்றில் அது படபடத்தால் துள்ளிப் பின்வாங்கும், மறுபடி வரும், முகரும், நக்கும். கட்டாயப்படுத்தினால் அச்சம் தரும் பொருள், தானாக அணுகும்போது ஆர்வம் தருகிறது. கிராண்டின் புல்வெளியில் மல்லாந்து படுத்தும் பார்த்திருக்கிறார். மாடுகள் கூடி நின்று அவரை முகர்ந்து, சொரசொரப்பான நாக்கால் நக்கின.

நமக்கு நெருங்கிய ஒரு விஷயமும் இவருடைய ஆய்வில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் மாடு பிடிக்கும் பெரியவர்கள் முதலில் பார்ப்பது சுழி. உடம்பில் எங்கெங்கே மயிர் சுழித்திருக்கிறது என்று பார்த்து நற்சுழி, தீச்சுழி என்று பிரித்து, வாங்குபவர் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்றே சொல்லிவிடுவார்கள். கிராண்டினும் அவர் கூட்டாளிகளும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு நெற்றிச் சுழியைப் பற்றியது. சுழி கண்களுக்கு மேலே உயரத்தில் அமைந்த மாடுகள், கண் மட்டத்திலோ அதற்குக் கீழோ சுழி அமைந்தவற்றைவிடக் கூண்டில் அதிகம் பதறின. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே புறப்படலத்திலிருந்து, ஒரே காலகட்டத்தில் உருவாகின்றன. ஆகையால் ஒன்றின் அமைப்பில் மற்றதன் சாயல் இருக்க இடமுண்டு. சுழி பார்த்துக் குடும்பத்தின் யோகத்தைச் சொல்லும் சாத்திரத்துக்கு இதில் ஆதாரம் எதுவுமில்லை. நெற்றியைப் பார்த்து மாட்டின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக மயிர்ச் சுழியை இத்தனை உன்னிப்பாகக் கவனித்துவந்த நம் மாட்டுக்காரர்களின் அறிவை யாராவது முறையாகத் தொகுத்துச் சோதித்தால், அதில் எத்தனை தேறும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகுந்த ஆசை.

பண்ணைக்குப் போகும் பட்டணத்துப் பிள்ளையை வியக்கவைக்கும் வேறு சிலவும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளின் வாசலில் கேட்டுக்குப் பதிலாகச் சாலையில் பள்ளம் வெட்டி, இடைவெளி விட்டு இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள். கார் தடதடவென்று கடந்துபோகும், மாடு கால் வைக்காது. சில இடங்களில் பள்ளமும் இல்லை, குழாயும் இல்லை, தார்ச்சாலையில் குறுக்குக் கோடுகள் மட்டும் வரைந்திருக்கும். ஆழத்தை அளக்கத் தயங்கும் அந்தக் கண்ணுக்கு அதுவே போதும், ஏதாவது ஒரு மாடு துணிந்து மிதித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் வரை. இங்கிலாந்தின் மார்ஸ்டன் கிராமத்துச் செம்மறிகள் இன்னும் ஒருபடி மேல். 2004-இல் அவை இரும்புத் தடுப்பின்மேல் முதுகால் உருண்டு கடந்து, ஊராரின் தோட்டங்களை மேய்ந்த செய்தி உலகம் சுற்றியது.

மாட்டுக்குக் காந்தம் விழுங்கத் தருவதும் கட்டுக்கதை இல்லை. மாடு பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி இழுத்து விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடுகிறது. புல்லோடு கிடக்கும் ஆணியும் கம்பியும் உள்ளே போய், தேன்கூடு போன்ற சுவருடைய இரண்டாம் இரைப்பை அறையில் தங்கும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் மட்டுமே. இரைப்பை சுருங்கும்போது கம்பி குத்திக்கொண்டு இதயம்வரை போய்விடலாம். விரல் நீளக் காந்தம் ஒன்றை விழுங்கவைத்தால் அது ஆயுள் முழுவதும் அங்கேயே கிடந்து இரும்பையெல்லாம் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். காந்தம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க மாட்டின் நெஞ்சருகே திசைகாட்டியைப் பிடிப்பார்கள், முள் திரும்பினால் இருக்கிறது. நம் நகரத்து மாடுகளின் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கைப் பிடிக்கக் காந்தத்தால் ஆகாது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் 2019 அக்டோபரில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள்.

குழந்தைகளின் பண்ணைக் கதைகள் சொல்லாமல் விடும் ஒன்றை நான் விட்டுவிட முடியாது. அமெரிக்கப் பண்ணைகளின் மாடுகள் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்பவை. கிராண்டினின் வளைந்த வழிகளில் பல இறைச்சிக்கூடங்களில்தான் முடிகின்றன. விலங்குகளிடம் இவ்வளவு பரிவுள்ளவர் எப்படி அந்த வேலையைச் செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லப்படப் போகும் உயிரானாலும் இருக்கும்வரை நல்ல வாழ்வும், இறுதியில் அச்சமும் வலியும் இல்லாத முடிவும் அதற்கு நாம் தர வேண்டிய கடன் என்பது அவர் நிலை. இறைச்சி உண்பதைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்தக் கடைசி நடையில் மாட்டின் பயத்தைக் குறைத்தவருக்கு என் மனத்தில் உயர்ந்த இடம் உண்டு.

விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கோ பெரியப்பா வீட்டுக்கோ கிராமத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மாட்டின் பின்னாலிருந்து ஓடிப் போகாதே. பக்கவாட்டில், தோளுக்கு நேரே, அது பார்க்கும்படி மெதுவாகப் போ. விரல் நுனியால் வருடாதே, உள்ளங்கையை முழுதாக வைத்து அழுத்தித் தடவு. கத்தாதே. அதுவே உன்னை முகர்ந்து பார்க்க வரும்வரை அசையாமல் நில்.

மாடு வளர்ப்பவர்களிடமும், சந்தையில் மாடு ஏற்றும் குட்டியானை ஓட்டுநர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாடு நகர மறுத்தால் கம்பை எடுப்பதற்கும் வாலை முறுக்குவதற்கும் முன்னால் ஒருமுறை அதன் பக்கத்தில் குனிந்து, அது பார்க்கும் திசையில் பாருங்கள். பறக்கும் பாலித்தீன் பையோ, ஆடும் கயிற்று முனையோ, ஏறு பலகையின் நிழலோ அங்கே தெரியும். அதை அகற்றிவிட்டு மாட்டுக்கு அரை நிமிடம் கொடுங்கள்.